பட்டத்துக்குப் பின்னால் ஒரு கமா

அரியர் இல்லாமல் பாஸ் செய்தவர்களுக்கு மட்டும்தான் பட்டத்துக்குப் பின்னால் கமா போட உரிமை உண்டு என்று நாற்பது வயதைத் தாண்டியும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை ஒரு சட்டமாக்கி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் பிரஸ்ஸில் அமல்படுத்தியும் வந்தேன்.

இந்த ஞானம் எனக்குத் திருக்கோவிலூரில் கிடைத்தது. நான் வளர்ந்த தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் வீட்டுப் போர்டில் எம்.பி.பி.எஸ். என்று எழுதி, பக்கத்தில் ஒரு கமா போட்டிருக்கும். கமாவுக்கு அப்புறம் ஒன்றுமே இருக்காது, வெறும் தகரம்தான். நாலு வீடு தள்ளி ஒரு வக்கீல். பி.ஏ., பி.எல்., என்று அவருக்கும் கடைசியில் ஒரு கமா தொங்கும். எதிர் வீட்டு அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தபோது பத்திரிகையில் அவர் பேருக்குப் பக்கத்தில் பி.காம் என்று மட்டும் மொட்டையாக இருந்தது. அவர் பாஸ் பண்ணாத பேப்பர்கள் தெருவுக்கே தெரியும். நான் இரண்டையும் முடிச்சுப் போட்டேன். பட்டமளிப்பு விழாவில் பட்டத்தோடு கமாவையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, அரியர் வைத்தவனுக்குக் கமாவை மட்டும் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள் என்று முடிவுசெய்தேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று தெரிந்துவிடுமே.

பிறகு நானும் பி.ஏ. வரலாறு படித்தேன். வரலாறு என்னைக் கைவிடவில்லை; ஆங்கிலப் பேப்பர் ஒன்று கைவிட்டுவிட்டது. பல தடவை எழுதினேன், அதுவும் பல தடவை கைவிட்டது. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது நானே கம்போஸ் செய்தேன். பி.ஏ. போட்டேன். கமாவில் விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். பெண் வீட்டாரை ஏமாற்றக்கூடாது இல்லையா. உண்மையை எழுத்து மூலமாகவே தெரிவித்துவிட்டேன், இனி அவர்கள் பாடு என்று நிம்மதியாகத் தாலி கட்டினேன்.

தொழிலிலும் அதே நேர்மைதான். கார்டு அடிக்க வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்பேன்: "மாப்ள இன்ஜினியரிங்கா? சூப்பருங்க. எல்லாம் கிளியரா?" ஆமாம் என்றால் கமா உண்டு. தலையைச் சொறிந்தால் கிடையாது. ஒரு பையன் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பொண்ணுக்கு கமா இருக்குது, எனக்கு மட்டும் காணோம்" என்றான். இடம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டேன். இடம் ஒரு சாண் இருந்தது.

இதை ரகசியமாகவாவது வைத்திருந்தேனா என்றால் அதுவும் இல்லை. கடைக்கு எதிரே டீக்கடை. அங்கே யார் கையில் கல்யாணப் பத்திரிகை இருந்தாலும் வாங்கிப் பார்த்து, "இந்தப் பையன் தேறல" என்று ஜோசியம் சொல்வேன். எப்படித் தெரியும் என்பார்கள். டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு என் கமா சட்டத்தை விளக்குவேன். எல்லாரையும்விட ஆர்வமாகக் கேட்டவர் பக்கத்துத் தெருவில் உரக்கடை வைத்திருக்கிறவர். கிறிஸ்தவர், நல்ல மனுஷர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், பிரஸ்ஸு என்றுதான் கூப்பிடுவார். "பிரஸ்ஸு, நீ சாதாரண ஆளு இல்ல" என்று அன்றைக்கு அவர் சொன்னதை நான் ரொம்ப நாள் மனசுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆட்சியை என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிழ்த்தாள்.

அவள் தனியார் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர். அரியர்க்காரனுக்கு இங்கிலீஷ் டீச்சரைக் கட்டிவைத்தது யார் செய்த குறும்போ தெரியாது. கடை விஷயத்தில் அவள் தலையிட மாட்டாள். அன்று லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துவந்து ஓர் இங்கிலீஷ் கார்டை முடித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க இது, படிப்பு முடிஞ்ச பின்னாடி ஒரு வாலு தொங்குது?"

"அது கமா."

"கமான்னு தெரியுது. அதுக்கு அப்பால இன்னா வருது?"

"ஒன்னும் வரல."

"ஒன்னும் வராததுக்கு எதுக்குங்க கமா? பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்திட்டு ஏறாம நிக்கற மாதிரி இருக்குது."

நான் பெருந்தன்மையோடு என் சட்டத்தை விளக்கினேன். உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயமா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப நம்ம கார்டுல?"

"நான் நேர்மையா கமா போடல."

"உங்களுக்கு அரியர் இருக்குதுன்னு இத்தினி வருஷத்துல எங்கிட்ட வாயால ஒரு வார்த்த சொல்லலையே."

"அதான் கார்டுலயே சொல்லிட்டேனே."

அவள் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம், "எந்திரிச்சிப் போய் ஒரு நோட்டு எடுத்துக்கினு வாங்க" என்றாள்.

அப்படித்தான் எனக்குக் கமா வகுப்பு ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: கமா வந்தால் மனசுக்குள் ஒன்று எண்ணு, புள்ளி வந்தால் இரண்டு எண்ணு. அதனால் எழுதும்போது எனக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே போட்டுவிடுவேன். இளைப்பு வந்த ஒரு மாசம் நான் அடித்த ஆங்கில விண்ணப்பங்களைப் பார்த்தால் தெரியும், மிளகு தூவிய மாதிரி இருக்கும்.

அவள் வேறு மாதிரி சொன்னாள். வரிசையாகப் பொருள்களைச் சொல்லும்போது நடுவில் கமா. வாக்கியத்தின் முன்னால் நீளமாக ஒரு பீடிகை போட்டால், விஷயம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கமா. ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினால், கூப்பிட்ட பேரைக் கமாவால் பிரிக்க வேண்டும். வாக்கியத்துக்கு நடுவே ஒரு கூடுதல் சேதியைச் சொருகினால், இரண்டு பக்கமும் கமா. "ஒரு பக்கம் படல் வெச்சிட்டு இன்னொரு பக்கம் தொறந்து வுட்டா மாடு பூந்துடும்" என்றாள். முழுசாக நிற்கிற இரண்டு வாக்கியங்களை வெறும் கமாவை மட்டும் வைத்து ஒட்டக்கூடாது. அது இரண்டு டிராக்டரை ஒரு தையல் நூலால் கட்டி இழுப்பது. எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் சும்மா ஒரு கமாவைப் போடவே கூடாது. "புருஷன் பொண்டாட்டி பேசறப்ப நடுவுல வந்து குந்தற ஆளு அது."

பட்டங்களுக்கு நடுவில் கமா சரி. கடைசிப் பட்டத்துக்குப் பின்னால் வரிசை முடிந்துவிட்டால், அங்கே கமாவுக்கு வேலை இல்லை. டாக்டரும் வக்கீலும் போர்டு எழுதினவர் பழக்கத்துக்குப் போட்டதை நான் பல்கலைக்கழகம் போட்டதாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

புதிதாக மதம் மாறினவனுக்கு வேகம் ஜாஸ்தி. மறுநாளே கடையில் சேமித்திருந்த மாதிரிக் கார்டுகள் எல்லாவற்றிலும் கடைசிக் கமாக்களைக் களை எடுத்தேன். பாஸ், பெயில் பாகுபாடு ஒழிந்தது. கள்ளக்குறிச்சியில் சமத்துவம் மலர்ந்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமிதம்.

அந்தச் சமயத்தில்தான் திருநாவலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கார்டு அடிக்க வந்தார். கிறிஸ்தவக் குடும்பம். கரும்பும் கொஞ்சம் உளுந்தும் வைத்திருக்கிறவர். எப்போதும் தோளில் ஒரு துண்டு. உட்காரச் சொன்னால் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு நுனியில் உட்காருவார். மகள் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மாப்பிள்ளை திருக்கோவிலூர், சென்னையில் கம்பெனி வேலை. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ் வேண்டும் என்றார்.

"தம்பி, எம் பொண்ணு படிச்சத மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க. எங்க வூட்டுல பேருக்குப் பின்னாடி எழுத்து வர்றது இதான் மொத தடவ."

போட்டேன். பெரிதாகவே போட்டேன். பி.எஸ்சி. நர்சிங், பின்னால் சுத்தமாக ஒன்றுமில்லை. "அண்ணே, இது தப்பில்லாத இங்கிலீஷு. எந்த டீச்சர்கிட்ட வேணும்னாலும் காட்டுங்க" என்று கட்டிக் கொடுத்தேன். அவர் இங்கிலீஷ் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் பேரின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டார் என்று நினைக்கிறேன். தன் வீட்டுக்கு ஒரு கட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கட்டு, இரண்டையும் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் டீக்கடைக்குப் போனேன். டீ மாஸ்டர் யாரோ கொடுத்த ஒரு பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார். அதுவும் நான் அடித்ததுதான்.

"இன்னாண்ணே, இந்தப் பையனும் பெயிலா? கமாவக் காணோமே."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் சட்டத்தை ரத்து செய்துவிட்டேன், ஆனால் ஊருக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நானே ஊரைப் பழக்கி வைத்திருக்கிறேன்: கமா இல்லை என்றால் தேறவில்லை. இப்போது என் கையாலேயே ஊரில் உள்ள மாப்பிள்ளை, பெண் எல்லாரையும் பெயிலாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது உரக்கடைக்காரர் ஞாபகம் வந்தது. கூடவே திருநாவலூர்க்காரர் கார்டில் நானே அடித்த ஒரு வரியும் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்ற இடத்தில் இருந்தது அந்த உரக்கடைக்காரர் பேர்தான்.

மாப்பிள்ளைக்கும்தானே கமா இல்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை பாஸ் என்பது அவன் வீட்டுக்குத் தெரியும். பெண்ணைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? உரக்கடைக்காரர் கார்டைக் கையில் வாங்குகிறார், கண்ணாடியை மாட்டுகிறார், பெண் பேருக்குப் பின்னால் மொட்டையாக இருப்பதைப் பார்க்கிறார், "அக்கா, இத பாத்தியா" என்கிறார். இந்தப் படம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கடைக்குள் ரெண்டு தடவை மை டப்பாவில் தடுக்கி விழப் பார்த்தேன். ஓர் அரசியல் பேனரில் தலைவர் படத்தைத் தலைகீழாக வைத்துவிட்டு, சிரிக்கிறாரே, சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். நல்லவேளை, வாடிக்கையாளர் பார்த்துவிட்டார்.

கடைசியில் தாங்க முடியாமல் உரக்கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், நான் பிரஸ்ஸு."

"சொல்லு பிரஸ்ஸு. திருக்கோவிலூர்ல இருக்கேன், அக்கா வூட்டுல."

அக்கா வீடு என்றால் மாப்பிள்ளை வீடு.

"கார்டு விஷயமா ஒன்னு சொல்லணும் சார்."

"எந்தக் கார்டு?"

குத்தலாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கோபத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

"சார், உங்க அக்கா மவனுக்குப் பாத்திருக்கறது நல்லா படிச்ச பொண்ணு சார். எல்லாப் பேப்பரும் பாஸ். யாரு இன்னா சொன்னாலும் நீங்க மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க."

"யாரு இன்னா சொன்னாங்க?"

"யாரும் ஒன்னும் சொல்லல சார். சொன்னா நம்பாதீங்கன்னு சொல்றேன்."

"ம். சரி பிரஸ்ஸு. வெச்சிடறேன்."

கமா என்ற வார்த்தையை நான் வாயால் சொல்லவே இல்லை. சொன்னால் நானே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று சாமர்த்தியமாகத் தவிர்த்தேன். போனை வைத்ததும் தீயை அணைத்துவிட்ட திருப்தி. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன், மறுசோறும் வாங்கிக்கொண்டேன். இதை எழுத இப்போது கூசுகிறது.

சில நாள் கழித்துத் திருநாவலூர்க்காரர் மறுபடி வந்தார். மூட்டை இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"தம்பி, இதெல்லாம் ஒரு செட்டு ஜெராக்ஸ் எடுங்க."

மகளின் மார்க் ஷீட்டுகள். எதுக்குண்ணே என்று கேட்டேன்.

"மாப்ள வூட்டுல பாக்கணும்னு சொன்னாங்களாம். யாரோ இன்னாவோ சொல்லியிருக்காங்க போல. பாக்கட்டுமே. நம்மகிட்ட ஒளிக்க இன்னா இருக்குது."

ஒவ்வொரு தாளையும் துண்டு நுனியால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். நான் வாங்கி வாங்கி மெஷினில் வைத்தேன். எல்லாமே நல்ல மார்க். மெஷின் வெளிச்சம் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"தம்பி, ஜெராக்ஸ் குடுத்தா நம்புவாங்களா? ஒரிஜினலையே எடுத்துக்கினு போவட்டுமா?"

"ரெண்டும் எடுத்துக்கினு போங்கண்ணே" என்றேன். என் வாயிலிருந்து வந்த உபகாரம் அவ்வளவுதான்.

அவர் போனதும் எனக்கு உலகத்திலேயே நியாயமாகத் தோன்றிய காரியம், கார்டைத் திரும்ப அடிப்பது. கமாவோடு. பெண்ணுக்கு, மாப்பிள்ளைக்கு, தகப்பனாருக்கு, பாதிரியாருக்கு, மண்டபத்து விலாசத்துக்கு, எல்லாருக்கும் கமா. ரெண்டு மூன்று நாளில் அடித்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி மேலே இருந்த கார்டை எடுத்துப் பார்த்தாள்.

"எதுக்கு திரும்ப வாலு மொளைச்சிருக்குது?"

சொன்னேன். டீக்கடை, உரக்கடைக்காரர், மார்க் ஷீட் எல்லாம்.

"போன்ல நீங்க இன்னா சொன்னீங்களோ அத அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் எனக்கு முதல் அடி. கார்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "மலைக்குப் போயி அந்தப் பொண்ணப் பாத்து உண்மைய சொல்லிட்டு வாங்க. இத எடுத்துக்கினு போவாதீங்க" என்றாள்.

எடுத்துக்கொண்டுதான் போனேன். வெறும் கையோடு மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. அருவிக்குப் போகிற பையன்கள் போனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் மரவள்ளிக் குச்சிக் கட்டைக் காலுக்கு இடையில் நிறுத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அது என் முழங்காலில் இடித்தது. இடிக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான் என்று நகராமல் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அம்மா, நான் வந்து, ஒரு நல்ல எண்ணத்துல, எங்க வூட்டுல சொன்னாங்கன்னு, அதாவது கமா வந்து, என்று வாக்கியம் வளைவுக்கு வளைவு நீண்டதே தவிர முடியவில்லை. மனைவி சொன்ன விதிகளில் ஒன்றும் இதற்கு உதவவில்லை.

சுகாதார நிலையத்தில் கூட்டம் கலைந்திருந்தது. அந்தப் பெண் யாரோ ஒருவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அரிவாள் பட்ட காயம். பிரஸ்காரன் என்றதும், "வாங்கண்ணே, உக்காருங்க. அந்தப் பஞ்ச இப்படிக் குடுங்க" என்றாள். பஞ்சைக் கொடுத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். திருக்கோவிலூர் டாக்டர் போர்டிலிருந்து ஆரம்பித்து, என் சட்டம், மனைவி வகுப்பு, டீக்கடை வரை வந்தேன். காயம்பட்டவர் வலியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு மைக்கா சாமி இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றார்.

"மாமா, கால ஆட்டாதீங்க" என்று அவரை அடக்கிவிட்டு, அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்புக் கூட லேசாக இருந்தது.

"அண்ணே, நீங்க அடிச்ச கார்டு ரெண்டு கட்டும் எங்க வூட்டுல மாதா படத்துக்குக் கீழ அப்படியே இருக்குது. பிரிக்கவே இல்ல."

"குடுக்கலையா? மாப்ள வூட்டுக்கு?"

"ஓலை வாசிக்காம எப்படிக் குடுப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் இவங்களுக்கும் இவங்களுக்கும் கல்யாணம் என்று பேர் வாசிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் வந்து சொல்லலாம் என்பார். அதுதான் ஓலை. முதல் ஓலை வாசிக்கிற வரைக்கும் அவர்கள் வீட்டில் யாருக்கும் கார்டு நீட்ட மாட்டார்கள். அவள் அப்பா அதில் ரொம்பக் கண்டிப்பு. முதல் ஓலை வரும் ஞாயிற்றுக்கிழமைதான்.

"மாப்ள வூட்டுல இன்னும் கார்டு மொகத்தையே பாக்கலண்ணே. நீங்க கவலப்படாதீங்க. இது கார்டால வந்தது இல்ல." அவள் கட்டின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். "அவங்க மாமாவுக்கு யாரோ போன் பண்ணியிருக்காங்க. பொண்ணு பாஸ்தான், யாரு சொன்னாலும் நம்பாதீங்கன்னு சொன்னாங்களாம். அப்படி ஒருத்தர் சொன்னா, இன்னாவோ இருக்குதுன்னுதானே நெனைப்பாங்க. யாருன்னு அவரு சொல்லல."

எந்தக் கார்டு என்று உரக்கடைக்காரர் போனில் கேட்டது எந்தக் கார்டு என்று தெரியாமல்தான்.

காயம்பட்டவர் நொண்டிக்கொண்டே வெளியே போகிற வரைக்கும் காத்திருந்தேன். பஞ்சு டப்பாவை மூடி வைத்தேன். அப்புறம், "அந்தப் போனு நான் பண்ணதும்மா" என்றேன். பஸ்ஸில் முடியாத வாக்கியம் இவ்வளவு சின்னதாக இருந்தது.

அவள் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"நான் லீவு போட்டுட்டு அப்பா கூட போனேன்" என்றாள். முகம் குழாய்ப் பக்கமே இருந்தது. "அப்பா வாசல்லயே செருப்ப வுட்டுட்டு, ஃபைல ரெண்டு கையால நீட்டினாரு. பூசையில சாமியார்கிட்ட நன்மை அப்பம் வாங்கறப்போ கை வெச்சிருப்பாரே, அந்த மாதிரி. அவங்க மாமா பாத்தாரு. அவங்கம்மா பாத்தாங்க. அப்பறம் அவருகிட்ட குடுத்தாங்க, மாப்ளகிட்ட. அவராவது வேணாம்னு சொல்லுவாருன்னு பாத்தேன். அவரும் ஒவ்வொன்னா திருப்பிப் பாத்தாரு. ஒன்ன வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிப் பாத்தாரு, முத்திர நெசமான்னு."

"எல்லாம் சரியாதானேம்மா இருந்திச்சு?"

"சரியா இருக்குதுன்னு சொன்னாங்க. காபி குடுத்தாங்க. அப்பா குடிச்சாரு."

நான் கார்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் அத்தனை கமா.

"அது இன்னாண்ணே?"

"ஒன்னுமில்லம்மா. வேற ஆர்டரு."

"நீங்க கெளம்புங்க, கடைசி பஸ்ஸு போயிடும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஊர் வந்ததும் நேரே உரக்கடைக்குப் போனேன். வதந்தி என்று எதுவுமே இல்லை, என் பயம்தான் என்று அவரிடம் சொன்னேன். என் கமா சட்டத்தை நீங்கள் ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்று பயந்துவிட்டேன் சார் என்றேன். அவர் ஒரு யூரியா மூட்டையின் மேல் உட்கார்ந்து யோசித்தார்.

"எந்தக் கமா?" என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் திருநாவலூர் போய் அவள் அப்பாவிடமும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் குடியுங்கள் என்றார். மாதா படத்துக்குக் கீழே துண்டு மூட்டை கட்டினபடி இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர்கள் குணம் தெரிந்துவிட்டதே என்று மனைவியிடம் ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. "அந்த சமாதானத்த அந்தப் பொண்ணு சொல்லிக்கலாம். நீங்க சொல்லிக்காதீங்க" என்றாள். நான் சொல்லிக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். கமா இல்லாததை யாரும் பார்க்கவில்லை. நான் போன் செய்தேன். அதனால் அவர்கள் கேட்டார்கள். அவள் அப்பா ஃபைலை நீட்டினார். அவள் அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வந்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை.